தறி நின்றால் காது கேளாதவர்

சங்கரன்கோவிலுக்குப் போக வேண்டியவன் கடையநல்லூரில் இறங்கினேன். தூங்குவதற்கு முன் காதுக் கருவியைக் கழற்றி, கண்ணாடிக் கூட்டில் வைத்து, கூட்டைப் பைக்குள் வைத்து, பையைத் தலைக்கு வைத்துப் படுத்ததன் பலன். அலைபேசியில் வைத்திருந்த அலாரம் என் தலைக்கு அடியிலேயே கடமை தவறாமல் அடித்திருக்கிறது. எதிர்ப் படுக்கைக்காரர் பொறுத்துப் பொறுத்துப் பார்த்து, கடைசியில் என் காலைப் பிடித்து உலுக்கினார். கருவியை மாட்டிக்கொண்டு "என்ன?" என்றேன்.

"ஒங்க போனு ராசபாளையத்துலேர்ந்து அடிச்சிக்கிட்டே கெடக்கு. எடுக்கவே மாட்டியளான்னு கேட்டேன்."

அவசர அவசரமாக இறங்கி, வெளியே வந்து பஸ் பிடித்தேன். ரயில்வே கொடுத்த வெள்ளைத் துண்டு தோளிலேயே இருந்தது, எனக்குத் தெரியவில்லை. நடத்துனருக்குத் தெரிந்தது.

"எங்க போணும் அண்ணாச்சி?"

"சங்கரன்கோவில்."

துண்டைப் பார்த்தார். "ரயிலு அங்கன நின்னுட்டுல்லா வந்துச்சு?"

"தூங்கிட்டேன்."

"தூங்குனா என்ன, காது கேக்கும்லா?"

முன்னிருக்கைகள் திரும்பிப் பார்த்தன. அவர் சொன்னதில் தப்பில்லை. பெரும்பாலானவர்களுக்குக் கேட்கும்.

எனக்கு ஐம்பத்து நான்கு வயது. சென்னையில் உட்கார்ந்து பத்திரிகைகளுக்கு நகைச்சுவைக் கட்டுரை எழுதுகிறேன். வாசகர்களில் பாதிப் பேர் அதை வெறும் கட்டுரை என்றே அறிவார்கள். ஆறு மாதங்களுக்கு முன் ஒரு கண்ணாடி அறைக்குள் உட்கார வைத்து, சத்தம் கேட்டால் கையைத் தூக்கச் சொன்னார்கள். நான் மரியாதைக்காக அவ்வப்போது தூக்கினேன். வெளியே வந்தபோது ஒரு வரைபடம் கொடுத்தார்கள். சரிந்துகொண்டே போகிற கோடு. "இவ்வளவு இழப்பு" என்றார் பரிசோதித்த பெண். அன்றிலிருந்து இரண்டு காதுக்குப் பின்னாலும் வேர்க்கடலை அளவில் ஒரு கருவி. அதை மறைப்பதற்காக வளர்த்த முடியைப் பார்த்து, நான் எழுத்தாளனாகவே ஆகிவிட்டதாக நண்பர்கள் சொன்னார்கள்.

நான் சங்கரன்கோவிலுக்கு அழைக்கப்பட்டதற்கும் காதுதான் காரணம், ஆனால் என் காது அல்ல. என் சித்தப்பா மகள் கோமதிக்குப் பிறவியிலேயே காது கேட்காது. பாளையங்கோட்டையில் காது கேளாதோர் பள்ளியில் தங்கிப் படித்தவள். அங்கேயே உடன் படித்த சண்முகத்தைக் கட்டிக்கொண்டாள். அவருக்கும் கேட்காது. சங்கரன்கோவிலில் விசைத்தறி ஓட்டுகிறார். அவர்களுக்கு ஒன்றரை வயதில் ஒரு பெண். அவளுக்கும் கேட்காது. தாத்தா ஆசையாக வைத்த பெயர் யாழினி.

சித்தப்பா போனில் சொன்னார்: "ஏலே, காதுக்குள்ள மிசினு வைக்க ஆபரேசனுக்கு எல்லாம் சரி பண்ணிட்டேன். செலவு பூரா அரசு காப்பீடு. சின்ன வயசுலேயே வச்சாத்தான் பேச்சு வருமாம். இந்தச் செவ்வாக்கிழமை அப்பனும் ஆத்தாளும் கையெழுத்துப் போடணும். அவன் மாட்டேங்கான்."

"ஏனாம்?"

"ஏன்னு எப்படிலே கேக்க? கையை இப்படி ஆட்டுதான். வேண்டாம்னு அர்த்தம். நீ நாலு பேருக்குப் புத்தி சொல்லி எழுதுதவன்லா? வந்து அவன்ட்ட சொல்லு."

காது மந்தமான ஒருவன், காதே கேளாத ஒருவரிடம், அவருக்குத் தெரிந்த பாஷையில் ஒரு வார்த்தையும் தெரியாமல் போய்ப் பேசி, மனத்தை மாற்ற வேண்டும். எனக்கு இதில் விபரீதமாக எதுவும் படவில்லை. நான்கு பக்கத்தில் ஒரு கடிதம் எழுதிக்கொண்டேன். மூளை வளர்ச்சி, மொழி பழகும் பருவம், தகப்பனின் கடமை என்று உபதலைப்புகளோடு.

சனிக்கிழமை காலை வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தபோது கோமதி வாசலிலேயே நின்றாள். ரயில் நிலையத்துக்கு வந்திருக்கிறாள். வண்டி நின்ற இரண்டு நிமிடத்தில் என் பெட்டியைக் கண்டுபிடித்து ஜன்னலில் தட்டியும் இருக்கிறாள். அவள் தட்டினாள், நான் குறட்டை விட்டேன், ரயில் புறப்பட்டது. இதை அவள் நடித்துக் காட்டினாள். என் வாய் திறந்திருந்த அளவைக்கூட விட்டுவிடவில்லை. ஒரு பாஷை தெரியாவிட்டாலும் அதில் தன்னைப் பற்றிச் சொல்வது மட்டும் புரிந்துவிடுகிறது.

உள்ளே போய் உட்கார்ந்த ஐந்தாவது நிமிடம் சண்முகம் தரையில் காலால் ஓங்கி ஒரு மிதி மிதித்தார். வந்த உடனேயே சண்டையா என்று பதறிவிட்டேன். அடுக்களை வாசலில் முதுகு காட்டி உட்கார்ந்திருந்த யாழினி திரும்பிப் பார்த்தாள். மகளைக் கூப்பிட்டிருக்கிறார், அவ்வளவுதான். தரை வழியாகக் கூப்பிடுகிறார்கள், விளக்கை அணைத்துப் போட்டுக் கூப்பிடுகிறார்கள். சென்னையில் என் மகனை நான் பக்கத்து அறையிலிருந்து வாட்ஸ்அப்பில் கூப்பிடுகிறேன். அவன் வருவதில்லை. இவள் ஓடி வந்தாள்.

காலைச் சாப்பாடு தோசையும் மிளகாய்ப்பொடியும். கையால் சாப்பிடுகிற ஊரில் கையால் பேசுகிறவர்கள் எப்படிச் சாப்பிடுவார்கள் என்று எனக்கு ஒரு சந்தேகம் இருந்தது. வலக்கையில் தோசை, இடக்கையில் பேச்சு. முக்கியமான விஷயம் வந்தால் தோசை காத்திருக்கும். எதிரில் இருப்பவரைப் பார்க்காவிட்டால் பேச்சு விட்டுப்போகும் என்பதால் அங்கே யாரும் அலைபேசியைப் பார்த்துக்கொண்டு சாப்பிடவில்லை. ஒரு குடும்பம் முழுக்க ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டே சாப்பிட்டு முடிப்பதை நான் பல வருடம் கழித்துப் பார்த்தேன்.

யாழினி என் விரலைப் பிடித்து மாடிக்குக் கூட்டிப்போனாள். கைப்பிடிச் சுவரில் காக்கை. விரல்களை அலகுபோல் குவித்து என்னிடம் காட்டினாள். பிறகு காக்கை பறந்தது. இரண்டு கையையும் விரித்தாள். காக்கை, போச்சு. நான் தலையாட்டினேன். பதிலுக்கு என்னிடமிருந்து ஒன்றும் வராததைப் பார்த்து, இன்னும் நிதானமாக, ஒரு மந்தமான பிள்ளைக்குச் சொல்வதுபோல் மறுபடி சொன்னாள். ஒன்றரை வயதில் அவளுக்கு நாற்பது சொல்லாவது இருக்கும். எனக்கு அன்றைக்கு இரண்டு.

மத்தியானம் எதிர்வீட்டுப் பேச்சியம்மாள் வந்தார். சண்முகம் வேலை செய்கிற தறிக்கூடத்தில்தான் அவரும் நூல் சுற்றுகிறார். அவருக்கு நன்றாகக் காது கேட்கும், சண்முகத்தின் பாஷையும் தெரியும். இப்படி ஒருவர் எதிர்வீட்டில் இருக்கும்போது சித்தப்பா ஏன் இவரைக் கேட்கவில்லை என்று பிறகு விசாரித்தேன். "குடும்ப விசயத்த வெளி ஆள்ட்ட எப்படிச் சொல்ல?" என்றார்.

என் கடிதத்தைப் பேச்சியம்மாளிடம் நீட்டினேன். முதல் பக்கத்தைப் படித்தார். கடைசிப் பக்கத்தைத் திருப்பினார். நடுவில் இருந்த இரண்டையும் விரலால் எண்ணிப் பார்த்தார்.

"நீங்க எழுதுனதா அண்ணாச்சி? இதச் சொல்லி முடிக்கதுக்குள்ள பிள்ளைக்குக் கல்யாணம் ஆயிரும்லா."

பிறகு சண்முகத்தின் பக்கம் திரும்பி மூன்று முறை கையை அசைத்தார். முடிந்தது.

"என்ன சொன்னீங்க?"

"'ஆபரேசன் பண்ணு, நான் படிச்சவன்'னு சொன்னேன். வேற எதுவும் இருக்கா அதுல?"

யோசித்துப் பார்த்தேன். இல்லை.

சண்முகம் கடிதத்தை வாங்கி மடித்து, மரியாதையாகச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். கையை ஆட்டினார். வேண்டாம். தறிக்கு நேரமாகிவிட்டது என்று கிளம்பிப் போனார். நானும் ஏன் என்று கேட்கவில்லை. அவர் பதிலைக் கேட்பதற்கா நான் அவ்வளவு தூரம் போனேன்?

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் என்னைக் கோயில் பக்கம் அழைத்துப் போனார்கள். சுற்றுவட்டாரத்தில் காது கேளாதவர்கள் மாதம் ஒருமுறை கோயில் வாசலுக்குக் கொஞ்சம் தள்ளி ஒரு டீக்கடை ஓரத்தில் கூடுகிறார்கள். சிவகிரியிலிருந்து, குருவிகுளத்திலிருந்து எல்லாம் பஸ்ஸில் வந்திருந்தார்கள், இருபது பேருக்குக் குறையாமல். இவ்வளவு பேர் இவ்வளவு வேகமாகப் பேசி இவ்வளவு அமைதியான இடத்தை நான் தமிழ்நாட்டில் பார்த்ததில்லை. சாலைக்கு இந்தப் பக்கம் ஒருவர், அந்தப் பக்கம் ஒருவர் நின்று, நடுவில் லாரி போகப் போகக் கதை பேசினார்கள். வாயால் பேசுகிற நமக்கு அது முடியாது.

அந்தக் கூட்டத்தில் புதிதாக வருகிறவருக்குப் பெயர் வைப்பது வழக்கம். எழுத்து எழுத்தாக இல்லை, ஒரே அசைவில். கோமதியின் பெயர் கன்னத்துக் குழி. சண்முகத்தின் பெயர் தாடையில் உள்ள தழும்பு. என்னைச் சுற்றி வந்து பார்த்தார்கள், கலந்து பேசினார்கள். தொப்பையாக இருக்கும் என்று தயாராக நின்றேன். குருவிகுளத்துக்காரர் முடிவைச் சொன்னார். காதோரத்து முடியை இழுத்து விட்டு மூடிக்கொள்வது. அதுதான் நான். எல்லோரும் கைகளை மேலே தூக்கி ஆட்டினார்கள். அது அவர்களுடைய கைதட்டல்.

ஆறு மாதமாக நான் ஒளித்து வைத்திருந்ததை ஒரு டீ குடித்து முடிப்பதற்குள் பெயராகவே வைத்துவிட்டார்கள். யாரும் பரிதாபப்படவில்லை. எனக்குக் காது போய்விட்டது, அதனால் துக்கம். அவர்களுக்குப் போகவில்லை. இருந்ததில்லை, இல்லாதது குறையாகவும் அவர்களுக்குத் தெரியவில்லை. அந்தப் பரிசோதனைப் பெண்ணின் வரைபடத்தில் 'இழப்பு' என்று எழுத இடமிருந்தது, இதை எழுத இடமில்லை.

போய்வருகிறேன் சொல்ல அவர்களுக்கு முக்கால் மணி நேரம் ஆயிற்று. விடைபெற்று இரண்டடி நடந்து, திரும்பி, மறுபடி ஒரு கதை. சிவகிரிக்காரர்கள் இரண்டு பஸ்ஸை விட்டார்கள். வீட்டுக்குப் போனால் பேச ஆள் கிடையாது, அதனால்தான் என்று கோமதி அலைபேசியில் எழுதிக் காட்டினாள்.

திங்கட்கிழமை சண்முகத்தோடு தறிக்கூடத்துக்குப் போனேன். தகரக் கூரைக்குக் கீழே பன்னிரண்டு தறி. கதவைத் திறந்ததும் சத்தம் நெஞ்சில் வந்து மோதியது. கருவியைக் கழற்றிச் சட்டைப்பையில் போட்டேன், அப்போதும் பல் அதிர்ந்தது. அங்கே என் காதும் ஒன்றுதான், கூடத்தில் உள்ள மற்றவர்கள் காதும் ஒன்றுதான். யாருக்கும் எதுவும் கேட்காது.

ஆனால் எல்லோரும் பேசிக்கொண்டிருந்தார்கள். நூல் அறுந்ததைச் சொன்னார்கள், டீ வந்ததைச் சொன்னார்கள். மீசையை முறுக்கினால் முதலாளி வருகிறார் என்று அர்த்தம். இதெல்லாம் எந்தத் தறிக்கூடத்திலும் கொஞ்சம் இருக்கும். இங்கே கொஞ்சம் இல்லை. பேச்சியம்மாள் பிற்பாடு சொன்னார்: "அவன் வாரதுக்கு முன்ன எங்களுக்கு மொத்தமே பத்துச் சாடைதான். அவன் வந்தப்புறம்லா ஊர்க்கதை பேச ஆரம்பிச்சோம்." எட்டு வருடமாக சண்முகம் அந்தக் கூடத்துக்கே வாத்தியார். மூன்று தறியை ஒரே ஆளாகப் பார்க்கிறார். முதுகுப் பக்கத்துத் தறியில் குறுக்கே ஓடுகிற ஊடை நூல் அறுந்தால் உள்ளங்காலால் தெரிந்துகொண்டு திரும்புகிறார். மற்றவர்கள் கண்ணால் பார்த்த பிறகுதான் ஓடுகிறார்கள்.

கொஞ்ச நேரத்தில் ஒரு கதை ஆரம்பித்தார். கையிலிருந்து கைக்கு அது கூடத்தின் கடைசித் தறி வரை போனது. ஒருவர் வயிற்றைப் பிடித்துக்கொண்டார். இன்னொருவர் தறிச் சட்டத்தில் தலையைச் சாய்த்துச் சிரித்தார். பிழைப்புக்காகச் சிரிப்பு எழுதுகிறவன் நான். பேச்சியம்மாளிடம் போய், என்ன, என்று கையை விரித்தேன்.

அவர் சிரிப்பைத் துடைத்துக்கொண்டு உள்ளங்கையைப் புரட்டிக் காட்டினார். ஒண்ணுமில்ல.

நான் மறுபடி கேட்டேன். அப்புறம், என்று தோளுக்குப் பின்னால் கையை வீசினார்.

ஐம்பத்து நான்கு வயதில், ஒரு தறிக்கூடத்தின் நடுவில், விரித்த கையை மடக்காமல் நின்றேன். இவ்வளவு சின்ன விஷயத்துக்கு இவ்வளவு வலிக்கும் என்று நான் நினைத்ததில்லை.

அப்போது கரண்ட் போனது.

பன்னிரண்டு தறியும் ஒரே மூச்சில் நின்றன. கருவியை எடுத்து மாட்டினேன். எல்லோரும் ஒரே நேரத்தில் வாயால் பேச ஆரம்பித்திருந்தார்கள். கரண்டைத் திட்டினார்கள், முதலாளிக்குப் போன் போட்டார்கள், யாரோ ஒருவர் "ஏலே, டீயாவது வாங்கிட்டு வாலே" என்று கத்தினார். சண்முகத்தின் கதை பாதியில் இருந்தது. கைகள் இன்னும் காற்றில் நின்றன. பார்த்துக்கொண்டிருந்த கண்கள் எல்லாம் ஒவ்வொன்றாகத் திரும்பிவிட்டன. அவர் அந்த வாக்கியத்தை யாருக்கும் இல்லாமல் சொல்லி முடித்தார். பிறகு துண்டில் கையைத் துடைத்துக்கொண்டு சுவரோரம் போய் உட்கார்ந்தார்.

யாரும் அவரை ஒதுக்கவில்லை. பிரியமானவர்கள்தான். வாய் திறந்துவிட்டது, அவ்வளவுதான்.

பேச்சியம்மாள் டீயோடு வந்தார். அவரைப் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டு சண்முகத்திடம் கேட்டேன்: "மாப்பிள்ளை, ஆபரேசன் ஏன் வேண்டாம்?"

"இத இப்பத்தான் கேக்கியளா?" என்றார் பேச்சியம்மாள். பிறகு கேட்டுச் சொன்னார்.

"கரண்ட் இருக்கும்போது நான் எல்லாரையும் போல ஒருத்தன். கரண்ட் போச்சுன்னா நான் செவிடன். இப்ப பாத்தியள்லா? பேச்சுப் பயிற்சி குடுக்க எடத்துல ஒரு அம்மா சொன்னாவ, மிசினு வச்சப்புறம் வீட்ல கையால பேசவே கூடாதாம். கையால பேசுனா பிள்ளை சோம்பேறியாகி வாயத் தொறக்காதாம். நானும் கோமதியும் கையக் கட்டிக்கிட்டு நிக்கணும். பிள்ளை அழுதா ஏன்னு நான் எத வச்சுக் கேக்க? அவ கேக்கட்டும், பேசட்டும். எனக்கு என்ன பொறாமையா? ஆனா வாயால பேசுத அந்தக் கரண்ட் போன பக்கம் அவள அனுப்பிட்டு, இந்தப் பக்கம் நாங்க ரெண்டு பேரும் சொவத்தப் பாத்துக்கிட்டு உக்காரணுமா?"

பேச்சியம்மாள் டீயை ஒரு வாய் குடித்தார். "இது அவன் சொன்னது. இனிச் சொல்லுதது நான். ஆறு மாசமா ஊரே அவனுக்குப் புத்தி சொல்லுது. ஒருத்தராவது ஏன்னு கேட்டியளா? நாலு பக்கம் எழுதத் தெரியுது."

என் கடிதத்தில் எல்லாக் கேள்விக்கும் பதில் இருந்தது, அவருடைய கேள்வியைத் தவிர. நல்லவேளையாக அதைப் பேச்சியம்மாள் மூன்று அசைவோடு நிறுத்தியிருந்தார். அதற்காக நான் அவருக்கு ஆயுள் முழுக்கக் கடமைப்பட்டவன்.

மத்தியானம் சாப்பாட்டுக்குக் கோமதி மட்டன் பிரியாணி வாங்கி வைத்திருந்தாள். சங்கரன்கோவில் பிரியாணியைப் பற்றி ஒரு முழுப் பத்தி எழுதுவதாகத்தான் இருந்தேன். சின்ன அரிசி, கறி எலும்பை விட்டுக் கழன்று வருகிற பதம் என்றெல்லாம். ஆனால் இலையின் பாதியில் அவள் அலைபேசியில், கையால் பேசுகிற வரிசையிலேயே, ஏதோ எழுதி என் பக்கம் நகர்த்தினாள்.

"அண்ணா நீ கதை சொன்னாய். பெரிய பந்தி. எல்லாரும் சிரிப்பு. நான் அப்பா கேட்டேன் என்ன. அப்பா ஒன்றுமில்லை. நான் உன்னைக் கேட்டேன். நீ அப்புறம். எனக்கு ஒன்பது வயது. நான் காத்திருந்தேன்."

என்ன கதை என்று எனக்கு நினைவில்லை. எந்த விசேஷம் என்றுகூட நினைவில்லை. அவளுக்கு இருபத்தொரு வருடமாக இருக்கிறது. மன்னித்துக்கொள் என்று எழுதினேன். அதைப் படித்துவிட்டு, தேவையில்லை என்று தலையசைத்து மேலும் எழுதினாள்.

"யாழினிக்குத் தெரிய வேண்டும் பந்தியில் என்ன பேச்சு. அது எனக்கு ஆசை. பிறகு எனக்கு அவள் சொல்ல வேண்டும். அதுவும் ஆசை."

அன்று சாயங்காலம் அடுத்த தெருவில் சித்தப்பா வீட்டுக்குப் போனேன். தாலுகா ஆபீஸில் குமாஸ்தாவாக இருந்து ஓய்வு பெற்றவர். சித்தி போய்ப் பத்து வருடமாகிறது, தனியாக இருக்கிறார். பேத்தியின் காகிதங்களை எல்லாம் நாடா கட்டி, பக்க எண் போட்டு வைத்திருந்தார். அந்தக் கோப்பிலும் பிரியம் இருந்தது, மறுப்பதற்கில்லை. சண்முகம் சொன்ன காரணத்தைச் சொன்னேன்.

"பிள்ளை பேசணும்னா அப்படித்தான்லே இருக்கணும்."

"பிள்ளை பேசும். பெத்தவளோட யார் பேசுவா?"

கோப்பைத் தன் பக்கம் நகர்த்தி வைத்துக்கொண்டார்.

"நீங்க கோமதியோட கடைசியாப் பேசுனது என்ன சித்தப்பா?"

"சாப்பிட்டியான்னு கேட்டேன்."

"அதுக்கு முன்ன?"

நாடாவை அவிழ்த்தார், மறுபடி கட்டினார். "அதான்லே. எனக்குத் தெரிஞ்சது சாப்பாடு, தூக்கம், வா, போ. அப்புறம் நாலு பேரு என்ன சொல்லுவாவ, அது. அவ அம்மா இருக்க வரைக்கும் அவ பாத்துக்கிட்டா."

முப்பது வருடத்தில் ஐந்து சொல். நான் சிரிக்கவில்லை. என் கணக்கு அவருடையதைவிட மோசம்.

செவ்வாய்க்கிழமை எல்லோருமாகத் திருநெல்வேலிக்கு பஸ் ஏறினோம். ஒரு நாள் கூலியை விட்டுவிட்டுப் பேச்சியம்மாளும் வந்தார். கேட்டதற்கு, "ஒங்கள நம்பி அவன அனுப்ப முடியுமா?" என்றார். நடுவழியில் டயர் பஞ்சராகி முக்கால் மணி நேரம் வெயிலில் நின்றோம். மருத்துவமனைக்குள் நுழைந்தபோது எங்கள் முறை போய்விட்டிருந்தது. காத்திருந்தோம். கடைசியாக உள்ளே கூப்பிட்டார்கள்.

டாக்டர் நாற்பது வயதுப் பெண். ஒரு படத்தை வைத்துச் சொன்னார். தோலுக்கு அடியில் ஒரு பகுதி, காதுக்குப் பின்னால் மாட்டுகிற ஒரு பகுதி. கருவி ஒலியைக் கொடுக்கும், அந்த ஒலி என்னவென்று பிள்ளை பல வருடம் பழகித்தான் தெரிந்துகொள்ள வேண்டும். பேச்சியம்மாளின் கைகள் ஓயவில்லை.

சண்முகம் கேட்டார்: "குளிக்கும்போது, தூங்கும்போது?"

"வெளிப் பகுதியக் கழட்டிரணும். அப்போ கேட்காது."

"கழட்டினால் அவள் யார்?"

பேச்சியம்மாள் இதை அப்படியே சொன்னார். டாக்டர் படத்தைக் கீழே வைத்தார். "உங்க மகள்தான்" என்றார். "இப்ப இருக்கிற மாதிரியே."

கையை நிறுத்தச் சொன்னது பற்றி நான் கேட்டேன். "அப்படிச் சொல்றவங்க இருக்காங்க. பயிற்சி கொடுக்கிறவங்களும் நல்லதுன்னு நினைச்சுத்தான் சொல்றாங்க. எனக்கு அதில் உடன்பாடில்லை. அவளுக்கு இருக்கிற ஒரு பாஷையை ஏன் பிடுங்கணும்? அவங்க கிட்ட நான் பேசுறேன். ஆனா இந்தக் கருவி மட்டும் போதாது. தினமும் மணிக்கணக்கா அவளோட வாயால பேசுற ஒரு ஆள் வீட்டில் வேணும். இவங்க ரெண்டு பேராலும் அது முடியாது. யார் இருக்கா?"

அறையில் எல்லோரும் சித்தப்பாவைப் பார்த்தோம். அவர் கோப்பைப் பார்த்தார். பிறகு நிமிர்ந்தார்.

"நான் இருக்கேன். எனக்கு வேற என்ன வேலை?"

சண்முகம் பேனாவை எடுத்தார். எடுத்துக் கையெழுத்துப் போடாமல் மேஜையில் வைத்தார். சித்தப்பாவைப் பார்த்துப் பேசினார், நிதானமாக. பேச்சியம்மாள் ஒவ்வொரு சொல்லாகச் சொன்னார்:

"மாமா, நீங்க வாயால பேசுங்க. பிள்ளை ஒங்ககிட்ட வாயால பேசட்டும். ஆனா நீங்க எங்ககிட்ட கையால பேசணும். பிள்ளையும் நீங்களும் பேசிச் சிரிக்கும்போது, என்னன்னு நான் கேப்பேன். நீங்க சொல்லணும். சம்மதமா?"

முடித்துவிட்டுப் பேச்சியம்மாள் தன் பங்குக்குச் சேர்த்தார்: "சொல்லித்தாரது நான். சும்மாத்தான். ஆனா மண்டையில ஏறலன்னா ஏசுவேன்."

"அறுபத்தாறு வயசு எனக்கு" என்றார் சித்தப்பா.

"ஒங்க கைக்கு என்ன வயசுன்னு கேக்கான்" என்றார் பேச்சியம்மாள்.

சித்தப்பா மேஜைக்கு அடியில் இருந்த தன் இரண்டு கைகளையும் எடுத்து மேலே வைத்தார். சண்முகத்தைப் பார்த்துத் தலையசைத்தார். அதில் பேச்சியம்மாளுக்கு வேலை இல்லை.

கோமதி முதலில் கையெழுத்துப் போட்டாள். பிறகு சண்முகம். அறுவை அடுத்த மாதம். என்ன ஆகும், எவ்வளவு கேட்கும், எப்போது பேசுவாள் என்று உறுதியாகச் சொல்ல டாக்டராலேயே முடியவில்லை. நானும் ஒன்றும் சொல்லப் போவதில்லை. ஒருவர் மனத்தை மாற்றப் போய், மாற்ற வேண்டியது அவர் மனம் இல்லை என்று தெரிந்துகொண்டு திரும்பினேன். அது என் நான்கு பக்கத்துக்கு மிகவும் அதிகமான கூலி.

திரும்பும் பஸ்ஸில் கூட்டமில்லை. சண்முகத்தின் மடியில் யாழினி தூங்கிவிட்டாள். கோமதி அவர் பக்கம் திரும்பி ஏதோ சொன்னாள். இருவரும் குலுங்கிச் சிரித்தார்கள். பின்னிருக்கையிலிருந்து சித்தப்பா எட்டிப் பார்த்தார். பிறகு கையை நீட்டி மகளின் தோளைத் தொட்டார். அவள் திரும்பியதும், உள்ளங்கையை மேலே விரித்து, என்ன, என்று கேட்டார்.

பேச்சியம்மாள், "அது வேற ஒண்ணுமில்ல அண்ணாச்சி, அந்த டாக்டரம்மா—" என்று சித்தப்பாவிடம் ஆரம்பித்தார்.

"நீ சும்மா இரு தாயி. நான் அவள்ட்டக் கேக்கேன்."

கோமதி அப்பாவின் முகத்தைப் பார்த்தாள். சண்முகத்தைப் பார்த்தாள். பிறகு இருக்கையில் மண்டி போட்டு முழுதாகப் பின்பக்கம் திரும்பி உட்கார்ந்து, அந்தக் கதையை முதலிலிருந்து, மிக மெதுவாகச் சொல்ல ஆரம்பித்தாள். மானூர் வந்தபோது பாதிக் கதை ஆகியிருந்தது. மேலநீலிதநல்லூர் வந்தபோது சித்தப்பா புரியவில்லை என்று கையை விரித்தார். அவள் மறுபடியும் முதலிலிருந்து தொடங்கினாள்.